பல் இல்லாத மேல் சுற்று

அண்ணா,

என் மேசை மேல் ஒரு முழ நீளத்துக்கு இரும்புப் பட்டை கிடக்கிறது. மெழுகுத்தாளைப் பிரித்ததுமே எண்ணெய் வாடை அறை முழுக்கப் பரவிவிட்டது. ஜன்னலைத் திறந்தும் போகவில்லை. துருப் பிடிக்காமலிருக்கத் தடவும் எண்ணெய்தான். உங்கள் நாமக்கல் கடைக்குள் நுழைந்தாலே வரும் வாடை, உங்கள் சட்டையிலும் வரும். அண்ணா என்று எழுதியது பழக்கத்தில் வந்துவிட்டது. மரியாதை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகளுக்கு ரம்பம் விற்றவர் நீங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் சரக்கைச் சுங்கத்தில் தாக்கல் செய்து எடுத்துத் தரும் முகவர் நான். சேலத்தில் என் அலுவலகத்துக்கு முதல்முறை வந்தபோது ஒரு கைரம்பத்தைக் கழற்றி, சட்டம், பிளேடு, கைப்பிடி என்று மேசையில் பரப்பினீர்கள். இரும்புச் சட்டம் தனியாக வந்தாலும் சுங்க வரிப் புத்தகத்தில் ரம்பத்தின் தலைப்பில்தான் சேரும், மரக்கைப்பிடி மட்டும் தனியாக வந்தால் மரச்சாமான்களோடு போகும் என்றேன். "ஏனுங் அம்மணி, ஒரே ரம்பத்துக்கு ரெண்டு ஊட்டுல சோறுங்களா?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆறு வருடம் அப்படிச் சிரித்துப் பேசித்தான் பழகினோம்.

பிறகொரு நாள் மரம் அறுக்கும் இயந்திரத்துக்கான நீளப் பட்டைச் சுருளைப் பற்றிக் கேட்டீர்கள். நறுக்காமல் சுருளாகவே வந்தாலும் அது ரம்ப பிளேடுதான் என்றேன். பல்லே வெட்டாமல் வந்தால் என்றீர்கள். ரம்பத்துக்கென்று செய்ததாக இருந்தால் பல் இல்லாவிட்டாலும் ரம்பம்தான் என்று புத்தகத்தைத் திருப்பிக் காட்டினேன். அப்படியானால் எதுதான் வெறும் பட்டை என்று விடாமல் கேட்டீர்கள். வேறு வேலைக்கு வரும் சாதாரணப் பட்டை இரும்பு அத்தியாயத்துக்குப் போகும், வரியும் குறையும் என்று விளக்கினேன். நீங்கள் மெதுவாகத் தலையாட்டினீர்கள். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த சரக்குக்கு, இப்போது என் மேசையில் கிடக்கும் இந்தத் துண்டைத்தான் மாதிரி என்று கொண்டுவந்து நீட்டினீர்கள். லாரிக் கூட்டின் பலகை ஓரத்தில் அடிக்கும் பட்டை என்று கைப்பட எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தீர்கள். துண்டை மட்டும் மறக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டு போனீர்கள். நம்பித் தாக்கல் செய்தேன். துறைமுகத்தில் அதிகாரி சுருளைப் பிரித்திருக்கிறார். மேல் இரண்டு சுற்றில் பல் இல்லை. மூன்றாவது சுற்றில் அவருடைய கையுறை கிழிந்தது.

சேலத்தில் வைத்து உங்களை விசாரித்தார்கள். நீங்கள் கொடுத்த வாக்குமூலத்தின் நகல் பல நாள் கழித்துத் தபாலில்தான் எனக்கு வந்தது. "எனக்கு ரம்பம் விக்கத்தானுங்க தெரியும். புத்தகம் படிச்சவங்க அவங்கதானுங்க. அவங்க சொன்ன மாதிரித்தான் செஞ்சேன்." உங்கள் பேச்சை அப்படியே எழுதியிருந்தார்கள். பட்டை என்று கொடுத்த கடிதத்தின் வாசகமும் நான் சொல்லி எழுதியதாம். எல்லாம் பொய் என்று அடித்துச் சொல்லவும் என்னால் முடியவில்லை. எது ரம்பம், எது பட்டை என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தானே.

வாக்குமூலத்தில் தேதி இருந்தது. அன்று காலை எழுதிக் கொடுத்துவிட்டு, மதியம் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். சரக்கு வெளியே வந்துவிடும், பயப்பட வேண்டாம் என்று எனக்கு ஆறுதல் சொன்னீர்கள். அம்மா மேட்டூர் மீன் குழம்பு வைத்திருந்தார். நீங்கள் சாப்பிட்டு முடித்து, ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கி உள்ளங்கையில் ஊற்றிக் குடித்தீர்கள். நடந்ததை நான் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ரசம் வைக்கும்போதெல்லாம் அந்தத் தம்பி ஏன் வருவதில்லை என்று கேட்கிறார்.

சுங்கத்துக்குள் கால் வைக்க எனக்கு இருந்த அனுமதி அட்டையை நிறுத்தி வைத்தார்கள். என் வாடிக்கையாளர்களில் ராசிபுரம் பட்டுக்காரர் முதலில் வந்து தன் காகிதங்களை வாங்கிக்கொண்டு போனார். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். இருபது வருடம் சம்பாதித்த பெயர் போய், 'ரம்பக் கேஸ்காரம்மா' என்றாகிவிட்டது. ஒருவர் நாசமாய்ப் போகவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்வதாகப் பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். மன்னித்துவிடச் சொன்னார். முடியாது சாமி என்று எழுந்து வந்துவிட்டேன். பூசையில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் செபத்தில் மன்னிப்பதைப் பற்றி ஒரு வரி வரும். இரண்டு வருடமாக அந்த வரிக்கு மட்டும் வாயை மூடிக்கொள்கிறேன்.

என் மேல் நடக்கும் விசாரணையில் உங்களை நேருக்கு நேர் கேள்வி கேட்க அனுமதி கோரி மனுப் போட்டேன்; கிடைத்தது. பதினோரு கேள்விகள் எழுதினேன். முதல் பத்தும் சுருளைப் பற்றியவை. பதினோராவது வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்று வக்கீல் குறுக்கே கோடு போட்டுவிட்டார். பத்தையும் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். ஒன்பது நாள் பாக்கி இருக்கும்போது மாரடைப்பில் போய்விட்டீர்கள்.

அம்மாவிடம் சொல்லாமல் சாவு வீட்டுக்கு வந்தேன். மாலை போட வரவில்லை, நிஜம்தானா என்று பார்க்க வந்தேன். எனக்கும் கண்ணீர் வந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அதைத் துக்கம் என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆத்திரம் அது. தப்பித்துவிட்டாயே என்று முதல்முறையாக உங்களை மனதுக்குள் ஒருமையில் பேசினேன். உங்களைக் கேட்க இனி வழியில்லை, உங்கள் வாக்குமூலம் மட்டும் கோப்பில் அப்படியே இருந்தது.

நேற்று அண்ணி வந்தார். கடையை இப்போது அவர்தான் பார்க்கிறார். உங்கள் இழுப்பறையின் அடியில் கிடந்த பொட்டலத்தை என் முன் வைத்தார். அதில் இந்தத் துண்டும், சரக்கு அனுப்பியவர்களின் சென்னை ஆளுக்கு நீங்கள் எழுதிய கடிதத்தின் நகலும் இருந்தன. மேல் இரண்டு சுற்றைப் பல் இல்லாமல் சுற்றச் சொல்லுங்கள், முகவர் அம்மாவுக்கு இது தெரிய வேண்டாம் என்று உங்கள் கையெழுத்தில் இருக்கிறது.

"படிச்சுப் பாத்துட்டுத்தானுங்க கொண்டாந்தேன்" என்றார். புதிதாக ஒரு சரக்கு வரப்போகிறதாம், மற்ற முகவர்கள் உங்கள் கடைப் பெயரைக் கேட்டாலே ஒதுங்கிக்கொள்கிறார்களாம், அட்டை வந்ததும் நான்தான் எடுத்துத் தரவேண்டுமாம். எல்லாம் சொல்லிவிட்டுத் தயங்கினார்.

"செத்தவரு பேரு வராம முடிக்க முடியாதுங்களா அம்மணி?"

"முடியாதுங்க அண்ணி."

தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "அப்ப எழுதிக்குங்க. மககிட்ட நானே சொல்லிக்கறேன்" என்று எழுந்தார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உங்களை நினைத்து எனக்கு ஒரு துளி இரக்கமும் வரவில்லை.

திங்கட்கிழமை விசாரணை. கடிதத்தைக் கொடுத்து, உத்தரவில் உங்கள் பெயரை முழுசாக, அப்பா பெயரோடு எழுதும்படி கேட்கப்போகிறேன். அட்டை திரும்பி வந்தால் உங்கள் கடைச் சரக்கை நானே தாக்கல் செய்வேன். சுருளோ நறுக்கோ, பல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ரம்பம் என்றே எழுதி, முழு வரியும் கட்டவைத்து, அடியில் என் பெயரைப் போடுவேன். உங்கள் படம் மாட்டியிருக்கும் அந்தக் கடையில் இனி ஒவ்வொரு சுருளும் என் கையெழுத்தோடுதான் வந்து இறங்கும்.

பத்துக் கேள்விகளையும் நேற்றே கிழித்துப் போட்டுவிட்டேன். அவற்றுக்கு உங்கள் கடிதமே பதில் சொல்லிவிட்டது. வக்கீல் கோடு போட்ட பதினோராவது மட்டும் மடித்தபடி கைப்பையில் இருக்கிறது. அதை நீங்கள்தான் சொல்லியிருக்க முடியும். அன்று மதியம், அம்மா ஊற்றிய அந்த ரசம் உங்கள் தொண்டையில் எப்படி இறங்கியது?