முற்றத்துத் திராட்சை

பலெர்மோ

அன்புள்ள அக்கா,

முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறீர்களா? நான் சுகம்.

ஞாயிறன்று, மகள் கிருசாந்தினி வேலை செய்யும் திராட்சை ஆராய்ச்சித் தோட்டத்துக்குப் போனேன். எல்லோரும் வைனை ருசித்துவிட்டு வாளியில் துப்பினார்கள்.

“அம்மா, நீங்களும் துப்புங்கோ.”

“கொன்வென்ற்றில படிச்சவள் சபையில துப்பமாட்டாள்” என்று விழுங்கிவிட்டேன். ஒரே சிரிப்பு.

என்னவர் சாகுமுன் ஊரில் நம் வீட்டு முற்றத்தில் நட்ட திராட்சையில் ஒரு தடி எடுப்பித்து இங்கே ஒட்டலாமா என்று கேட்டேன்.

“ஏலாதம்மா. நோய் வருமெண்டு வெளிநாட்டுக் கொடியை விடமாட்டினம்.”

கண் கலங்கியதற்கு வைனைச் சாட்டினேன்.

கராஜ் கட்ட அந்தக் கொடியை வெட்டவா என்று கேட்டிருந்தீர்கள். வெட்டுங்கள். பந்தலில் அவர் கட்டிய நைலோன் கயிற்றை மட்டும் அனுப்பிவையுங்கள். முடிச்சுகளை அவிழ்க்கவேண்டாம்.

பஸ் தரிப்பில் இருந்துதான் எழுதுகிறேன்; பஸ் வருகிறது.

தங்கை
ஞானம்பிகை