கட்டின்மேல் தெளித்த ஓடிகொலோன்

என் ஆசை அண்ணனுக்கு,

உன் மகள் காமாட்சிக்குக் கால் உடைந்துவிட்டது. தேயிலைக் கொழுந்து எடுக்கிற மலையில், தண்ணீர் ஓடுகிற கானைத் தாண்டும்போது வழுக்கி விழுந்தாள். உனக்கு உடைந்த மாதிரியே முழங்காலுக்குக் கீழே, எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு லயத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நான் யாரையும் நம்பவில்லை அண்ணே. உன் கட்டுக்குள் சீழ் பிடித்தது தெரியாமல் காய்ச்சல் மருந்து கொடுத்தே உன்னைக் கொன்றார்கள் என்று, தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சரையும் பெரிய டாக்டரையும் பதினோரு வருசமாகத் திட்டுகிறவள் நான். காலையும் மாலையும் காமாட்சியின் கட்டை மோந்து பார்த்தேன். "அத்தைக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு" என்று சிரித்தாள். சிரிக்கட்டுமே.

பன்னிரண்டாம் நாள் வலி குறையாமல் கூடியது. ஓர் ஈ, விரட்ட விரட்ட ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்தது. மோந்தேன், செத்த எலி வாடை. "வேர்வை நாத்தந்தான்" என்றாள் அண்ணி. புது டிஸ்பென்சர் நெற்றியைத் தொட்டு, "காய்ச்சலே இல்லையே" என்றார். விடுவேனா? "காய்ச்சல் கெடக்கட்டும், பெரிய டாக்டர கூப்பிடுங்க ஐயா" என்று வாசலை மறித்து நின்றேன்.

டாக்டர் வருகிறார் என்றதும் அண்ணி அறையைக் கூட்டினாள். பெட்டிக்குள்ளிருந்து ஓடிகொலோன் வாசனைத் தண்ணீர்ப் போத்தலை எடுத்து என் கையில் கொடுத்தாள். "பெரிய மனுசர் வர்றாரு, நாத்தத்தோடயா காட்டுறது? கொஞ்சம் தெளிச்சு விடு."

வாங்கி இடுப்பு மடியில் செருகிக்கொண்டேன். உன்னைப் பார்க்க டாக்டர் வந்த அன்றைக்கு, அவர் முன்னால் நீ வெட்கப்படக் கூடாதென்று, உன் கட்டு நனைய நனையத் தெளித்தது நான்தானே? "நல்லா வாசமா வச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாரே. நான் பெருமையாக வேறு நின்றேனே, பாவி.

இந்த முறை தெளிக்கவில்லை. டாக்டர் வாசலிலேயே மூக்கைச் சுளித்தார். உடனே லொறியில் ஏற்றி, ஆஸ்பத்திரியில் கட்டை ஜன்னல் மாதிரி வெட்டித் திறந்தார்கள். உள்ளே சீழ். எந்தக் கிருமியென்று பார்க்கப் பஞ்சில் தொட்டு எடுத்தார்கள். எலும்பு வரைக்கும் போகவில்லை என்று எக்ஸ்ரே படம் பார்த்துச் சொன்னார்கள். பென்சிலின் ஊசி போடுகிறார்கள், கால் தப்பிக்கும்.

நான் தெளிக்காமல் இருந்திருந்தால் நீயும் தப்பித்திருப்பாயா? யாரிடம் போய்க் கேட்பேன்?

அன்றைக்கு நான் தெளித்ததுதான் சீழ் நாற்றத்தை மறைத்தது என்று அண்ணிக்குத் தெரியாது. காமாட்சி காலை ஊன்றி லயத்துக்கு வருகிற அன்றைக்கு, என் வாயாலேயே சொல்லிவிடுவேன். அதுவரை போத்தல் என் இடுப்பு மடியில்தான் இருக்கும். அண்ணியை நம்ப முடியாது.

அன்றைக்கு அந்தப் போத்தலைப் பிடித்திருந்த உன் தங்கச்சி,
செல்லம்மா