தம்பி வேண்டாம் என்ற பாதி வீடு

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். நீயும் எழுதியே பதில் போடு.

அப்பா போய் இன்றோடு ஐந்து வாரம். நீ வரவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவனுக்கு நினைத்தபோது லீவு கிடைக்குமா என்று வந்தவர்களிடமெல்லாம் நானே சொல்லிச் சமாளித்தேன். அப்பாவும் நீயும் இரண்டு வருடமாகப் பேசிக்கொள்ளாதது யாருக்குத் தெரியாது? தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள்.

வக்கீலைப் பார்த்தேன். அப்பா உயில் எழுதவில்லை. அம்மாவும் இல்லாததால் வீடு உனக்குப் பாதி, எனக்குப் பாதி. அவரோடு கூடவே இருந்ததால் இந்த நாட்டுச் சட்டப்படி என் பாதிக்கு வாரிசு வரி கிடையாதாம். உன் பாதிக்கு உண்டு, அதை ஆறு மாதத்துக்குள் கட்ட வேண்டும்.

வாசல் அறையில்தான் நான் பல் செட் செய்கிறேன் என்று உனக்குத் தெரியும். பிளாஸ்டர் அச்சு, மெழுகு, தேய்க்கிற மிஷின், அந்தத் தூசி, அந்தச் சத்தம். எந்த வாடகை வீட்டில் விடுவார்கள்? இந்தத் தெருவில் பாதிப் பேர் நான் செய்த பல்லைக் காட்டித்தான் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஐம்பத்து மூன்று வயதில் நான் எங்கே போவேன்?

உன் பாதியை என்ன செய்வதாக இருக்கிறாய்? யோசித்துச் சொல். அவசரமில்லை.

உன் அக்கா


மே 2

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. 'யோசித்துச் சொல்' என்று யாரோ மூன்றாம் மனுஷனிடம் கேட்கிற மாதிரி கேட்டிருந்தாய். இன்னொரு தரம் படித்தபோது புரிந்தது. உனக்கு வீடு வேண்டும், கேட்க வாய் வரவில்லை. நம் வீட்டில் யாருக்குத்தான் வந்தது? 'வாடா' என்று கூப்பிட அப்பாவுக்கு வாய் வரவில்லை. 'வரட்டுமா' என்று கேட்க எனக்கு வரவில்லை. இரண்டு வருடம் அப்படியேதான் போயிற்று.

போன வாரம் அரை நாள் லீவு போட்டுவிட்டு கோர்ட் ஆபீசுக்குப் போனேன். எனக்குப் பங்கே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்!

கிளார்க் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "வக்கீலைக் கேட்டீங்களா சார்? இதைத் திரும்ப மாத்த முடியாது."

"எங்க அக்காவுக்குக் கொடுக்க எனக்கு எதுக்குங்க வக்கீல்?" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

நகலை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். வீடு முழுக்க இனி உன்னுடையது. முன்னாலேயே சொன்னால் வேண்டாம் என்று தடுப்பாய், அதனால்தான் சொல்லவில்லை. அப்பாவைப் பார்க்க வராத பாவத்தில் பாதியாவது தீர்ந்த மாதிரி இருக்கிறது. ஒரு வாரமாக நன்றாகத் தூங்குகிறேன் அக்கா.

உன் தம்பி


மே 15

டேய் தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதேன். ஒரு டப்பா இனிப்பு வாங்கிக்கொண்டு கையோடு வக்கீலிடம் ஓடினேன். அவர் நகலைப் படித்தார். டப்பாவைத் தொடவில்லை.

"உங்க தம்பிக்குக் குழந்தை இருக்காம்மா?"

"ஒரு பொண்ணு சார். ஆறு வயசு. அவங்க பிரிஞ்சுட்டாங்க, அம்மாகூட இருக்கா."

"அப்போ இந்தப் பாதி உங்களுக்கு வராதும்மா. அந்தப் பொண்ணுக்குப் போயிடும்."

பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவன் சட்டத்தின் கண்ணில் அப்பாவுக்கு முன்னாலேயே செத்துப்போனவனாம். அவன் பங்கு அவன் பிள்ளைக்குத்தானாம். நீ முதலில் உன் பாதியை வாங்கிக்கொண்டு, பிறகு என் பேருக்கு எழுதியிருந்தால், வரியைத் தவணையில் கட்டியிருக்கலாம். அதை உன்னிடம் கேட்கச் சொல்லி அவர் மார்ச்சிலேயே என்னிடம் சொன்னார். கேட்கக் கூச்சப்பட்டு 'அவசரமில்லை' என்று எழுதினேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இப்போது ஆறு வயதுக் குழந்தை எனக்குப் பங்காளி. அவள் பாதிக்கு வரி கட்டப் பணம் இல்லை. மைனர் பேரில் கடனும் வாங்க முடியாது. வீட்டை விற்கச் சொல்லித்தான் கோர்ட் உத்தரவு போடும் என்கிறார். அவள் அம்மாவிடம் பேசு. எப்படியாவது பேசு.

அக்கா


ஜூன் 3

அக்கா,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். கிளார்க்கின் காலில் விழாத குறைதான். "அன்னைக்கே சொன்னேனே சார்" என்றார்.

குழந்தையின் அம்மா வீட்டுக்கும் போனேன். உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தாள். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா பொண்ணோட சொத்தை நான் விட்டுக்கொடுத்தா, நாளைக்கு கோர்ட் என்னைத்தான் கேட்கும்" என்றாள். சண்டை போடலாம் என்று போனேன். போட ஒன்றும் இல்லை.

நாலு பேங்க் ஏறி இறங்கிவிட்டேன், எங்கும் கடன் கிடைக்கவில்லை. நீ இங்கே வந்துவிடு அக்கா. கட்டிலில் நீ படு, நான் தரையில் படுத்துக்கொள்கிறேன். நல்லது செய்யப் போய் உன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன். மன்னித்துவிடு. ஒரே ஒரு வரி எழுது.

உன் தம்பி


நவம்பர் 20

தம்பி,

நீ எழுதிய ஐந்து கடிதங்களும் வந்தன.

வீடு போன மாதம் ஏலத்தில் போய்விட்டது. வாங்கியவர் காரை நிறுத்துவதற்காக வாசல் அறையின் சுவரை இடித்துவிட்டார். நான் மூன்றாவது மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறேன். என் பங்குக்கு வந்த பணத்தில் இங்கே ஒரு வீட்டின் குளியலறைகூட வராது. மிஷினை மேலே ஏற்ற விடவில்லை, விற்றுவிட்டேன். ஒரு பெரிய லேபில் சம்பளத்துக்குப் போகிறேன். அங்கே பல்லுக்கு எண் போட்டுப் பெட்டியில் அனுப்பிவிடுவோம். அதை மாட்டிக்கொண்டு யார் சிரிக்கிறார்கள் என்றே தெரியாது.

உன் பெண்ணின் பங்கு அவள் பேரில் பேங்கில் இருக்கிறது. அவள் பெரியவளானதும் அது எந்தப் பணம் என்று சொல்லாதே. அத்தை வீட்டை விட்டுப் போனதால் வந்தது என்று அந்தக் குழந்தைக்கு ஏன் தெரிய வேண்டும்? நன்றாகப் படிக்கட்டும்.

பங்குக்காக அக்காவைக் கோர்ட்டுக்கு இழுக்கிற தம்பிகள் இருக்கிறார்கள். நீ கொடுக்கத்தான் போனாய். அதை எனக்கு நானே தினமும் சொல்லிக்கொள்கிறேன். உன் கடிதம் வரும்போதெல்லாம் 'பரவாயில்லை' என்று எழுத உட்காருகிறேன். அந்த ஒரு வார்த்தை மட்டும் வரமாட்டேன் என்கிறது. பொய்யாக எழுதி அனுப்பவும் மனசு வரவில்லை.

அதனால் இனி எழுதாதே. எனக்கு ஆறினால் நானே எழுதுகிறேன். ஆறுமா என்று தெரியவில்லை.

எனக்குப் புருஷன் பிள்ளை இல்லாததால், எனக்குப் பிறகு நீதான் என் வாரிசு என்று வக்கீல் சொன்னார். கொஞ்சம் பணம், நாலு பாத்திரம், வேறு ஒன்றும் இருக்காது. அந்தக் காகிதம் வரும்போது, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடாதே. வாங்கிக்கொள்.

அக்கா