பாக்கியத்திடம் சொல்லாதது

1972 ஜூன் 6

வெயில் குறைந்தபாடில்லை. அரூர் பத்திர ஆபீஸ் வாசலில் காலையிலேயே கூட்டம். இரண்டு கிரயப் பத்திரம், ஒரு பாகப்பிரிவினை. எழுதி முடிப்பதற்குள் மூன்று தடவை எழுந்து மூத்திரத்துக்குப் போனேன். காத்திருந்த ஆள் முகம் சுளித்தார். ஓயாத தாகம் வேறு.

படுக்கையில் அது இன்னும் சரியாகவில்லை. ஆறு மாதம். எனக்கு வயது நாற்பத்து மூன்றுதான். வாலிபத்தில் செய்த தப்பின் பலனோ? சுவர் விளம்பரமெல்லாம் அப்படித்தான் பயமுறுத்துகிறது.

காரிமங்கலம் சந்தை வைத்தியரின் லேகியம், இரண்டாவது டப்பா. "ஒரு மண்டலம் சாப்புடுங்க, மாப்பிள்ளை ஆயிடுவீங்க" என்றார். நல்ல இனிப்பு. பலன் இல்லை.

ஜூன் 8

மேகம் மட்டும். மழை இல்லை.

கொல்லையில் பாக்கியம், பக்கத்து வீட்டுக்காரியிடம்: "ஆம்பள திடீர்னு தள்ளித் தள்ளிப் படுத்தா வேற என்னக்கா அர்த்தம்?"

உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். அவளைக் கட்டிப் பத்தொன்பது வருடத்தில் அவளுக்கு முதல் சந்தேகம். மறுப்பதென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். எவளோ இருக்கிறாள் என்றே நினைத்துவிட்டுப் போகட்டுமா? ஒரு நிமிடம் அது கௌரவமாகக்கூடத் தோன்றியது. என்ன புத்தி இது.

ஜூன் 10

தர்மபுரி. பத்திர வேலை என்று வீட்டில் பொய். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைவிடச் சின்னவர்.

"என் நண்பர் ஒருத்தருக்கு..." என்று ஆரம்பித்தேன். முழுக்கக் கேட்டார். தாகம், மூத்திரம் பற்றியெல்லாம் விசாரித்தார்.

"சரிங்க. அந்த நண்பரோட மூத்திரத்தையும் நீங்களே குடுத்துட்டுப் போங்க."

அவர் சிரிக்கவில்லை. அதற்கே கும்பிடலாம்.

மூத்திரத்தை நீல மருந்தில் கலந்து சூடுகாட்டினார்கள். செங்கல் நிறமாகிவிட்டது. சர்க்கரை வியாதி.

"வாலிபத்துப் பழக்கத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. அது எல்லாரும் பண்றதுதான். சர்க்கரை ஏறினா நரம்பு, ரத்த ஓட்டம் எல்லாம் கெடும். லேகியம் ஏதாச்சும் சாப்புடறீங்களா?"

"ஆமாங்க."

"பூரா வெல்லம். மொதல்ல அத நிறுத்துங்க."

குணமாகுமா என்றேன். "சர்க்கரை எறங்கினா தேறலாம். உறுதியாச் சொல்ல மாட்டேன். வூட்ல சொல்லிட்டீங்களா?"

தலையாட்டினேன். இன்னொரு பொய்.

மாத்திரை காலை 1. தினமும் நடை. சீனி, வெல்லம், மாம்பழம் கூடாது. சோறு அரை வயிறு. பஸ்ஸில் பக்கத்து ஆள் மடியில் மாம்பழக் கூடை. வழி முழுக்க அந்த வாசனை.

ஜூன் 11, ஞாயிறு

தூறல். பிள்ளைகள் மேட்னி ஷோவுக்குப் போயிருந்தார்கள். பாக்கியம் டிரங்குப் பெட்டியில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கண்ணன் வூட்டுக்குப் போறேங்க. நீங்க அவளோடயே இருங்க."

சொல்லிவிட்டேன். எவளும் இல்லை. என்னால் முடியவில்லை. சர்க்கரை வியாதியாம். ஊர் சொத்துக்கெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறவனுக்கு அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை. பிறகு கோபம்.

"சீக்கு வந்தா சொல்லணுமில்ல? கெழவியாயிட்டனோன்னு ஆறு மாசமா கண்ணாடியப் பாத்துப் பாத்து அழுதனே!"

எனக்கு அது தெரியாது. என் பயம் ஒன்றுதான் வீட்டில் இருப்பதாக நினைத்திருந்தேன்.

"அது முடியலன்னா போவுது. என் கையத் தொடறதுக்குமா அந்தச் சர்க்கரை வேணாம்னுச்சு?"

கையை நீட்டினேன். அவள் உடனே தரவில்லை.