மாஸ்டர் தலையசைக்காமல் விழுந்த அடி

வியாழன் இரவு, நவம்பர் 2005. துபாய், கராமா ரூம்.

இன்று டிவி நேரலையில் தொகுப்பாளர் எங்கள் இசைக்குழு மாஸ்டரைப் பார்த்து, "தலைக்கு மை அடிச்சீங்களா, தார் ஊத்துனீங்களா?" என்று கேட்டார். யார் ஜோக் சொன்னாலும் டிரம்ஸில் ஒரு தட்டுத் தட்டி முடிப்பது என் வேலை. ஆனால் மாஸ்டர் தலையசைத்தால்தான் தட்ட வேண்டும். இன்று கை முந்திக்கொண்டது. ஸ்டூடியோவே சிரித்தது. மாஸ்டரும் சிரித்தார், கேமரா அவர் மேல் இருந்தது.

எப்போதும் என் கண்ணைப் பார்த்துத்தான் அடுத்த பாட்டைத் தொடங்குவார். இன்று கிடார்க்காரரைப் பார்த்து விரலைச் சொடுக்கினார்.

வேனில், "மாஸ்டர், தெரியாம அடிச்சிட்டேன்" என்றேன்.

"அட விடுப்பா, ஷோதானே" என்று தோளைத் தட்டினார். சின்னத் தப்புக்கே குச்சியைப் பிடுங்கி எறிகிறவர். திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இறங்கும்போது மெதுவாகச் சொன்னார்: "நாளைக்கு ரிகர்சலுக்கு வர வேணாம். ரெஸ்ட் எடு."

விசா அவர் எடுத்துக் கொடுத்தது. பாஸ்போர்ட்டும் அவரிடம்தான். இதற்கு முன் அவர் ரெஸ்ட் எடுக்கச் சொன்ன ஒரே ஆள் கீபோர்டு சேவியர். மறுவாரமே அவனை ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டது நான்தான்.