அப்பா கைக்கு அடங்கிய கத்தி

மேல் டிவிஷன் லயம்,
குன்னூர்.
9.2.2001

அன்பு மகன் பாலகுமாருக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீ அங்கே காய்ச்சல் தலைவலி இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் சுகம். எப்போதும் எல்லோரும் சுகம் என்றுதான் எழுதுவேன், இந்தத் தடவை அப்படி எழுத முடியவில்லை. அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது, பதறாமல் கடைசி வரை படி.

உன்னோடு வேலை பார்க்கும் அந்தத் தம்பி செலஸ்டின் லீவில் ஊருக்கு வந்த மறுநாளே நீ கொடுத்தனுப்பிய மடக்குக் கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தது. நல்ல கத்தி, மெல்லிசாக, பிடியும் வழவழவென்று இரும்பில். அப்பா வலது கையில் வாங்கினார், கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன், மறுபடி விழுந்தது. தம்பி பார்த்துக்கொண்டே இருந்தது. வாசல் வரை கூடப் போய், பாலகுமாரிடம் சொல்லாதே என்று கேட்டேன். "அவன் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேம்மா, நீங்களே எழுதித் தாங்க, கொண்டு போறேன்" என்று சொல்லிவிட்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தேயிலைக் கொழுந்து விலை விழுந்து ஃபாக்டரியை மூடியதிலிருந்து எங்களுக்கு வாரத்துக்கு இரண்டு நாள்தான் வேலை, அது உனக்குத் தெரியும். கார்த்திகை மாதம் அப்படி ஒரு நாள் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தபோது அப்பா கையிலிருந்து கத்தி நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் செடிக்கடியிலேயே உட்கார்ந்துவிட்டார், வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கம்பளியில் போட்டு நாலு பேர் ரோட்டுக்குத் தூக்கி வந்தார்கள், பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இப்போது வாய் சரியாகிவிட்டது, நடக்கிறார், பேச்சு மட்டும் நிதானமாக வருகிறது. வலது கையில்தான் மணிக்கட்டுக்குக் கீழே உணர்வு இல்லை. காண்ட்ராக்ட் முடியாமல் நடுவில் ஊருக்கு வந்தால் திரும்ப வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்று நீ சொல்லியிருந்தாய், அதனால் உனக்குச் சொல்லவில்லை. வேலன் கடைக்கு நீ போன் செய்து அப்பா எங்கே என்று கேட்டபோதெல்லாம் மலைக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்றேன். அவர் கடைக்கு வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்.

எனக்கு அழுகை வரவில்லை பாலகுமார். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லும்போதும் வரவில்லை, பக்கத்துக் கட்டில்காரிக்குக் கஞ்சி வாங்கப் போய்விட்டேன். பக்கத்து வீட்டுக் கருப்பம்மா குடும்பத்தோடு திருப்பூர் போனபோது அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், நான் அவள் மூட்டையைச் சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். லயத்தில் இப்போது ஐந்து வீட்டில்தான் அடுப்பு எரிகிறது. நான் கேத்திக்குக் கேரட் கழுவப் போய்வருகிறேன். அப்பாவுக்கு எல்லாவற்றையும் துண்டு போட்டுத் தட்டில் வைத்துவிட்டுப் போவேன். பொங்கலுக்கு முந்தின நாள் தட்டைத் தள்ளிவிட்டார். "துண்டு போட்டுக் குடுக்காத" என்றார். பொங்கலன்று நீ போனில் அப்பாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாய், பெஞ்சில் இருந்தவரிடம் போய்க் கேட்டேன், மடக்குக் கத்தி என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவராக வேண்டும் என்று சொன்னது அது ஒன்றுதான். கை விஷயத்தைச் சொல்லாமல் கத்தி என்று மட்டும் உன்னிடம் சொன்னேன், தப்பு என்னுடையது.

போன திங்கட்கிழமை குன்னூர் மார்க்கெட்டில் தினகரன் இரும்புக் கடைக்குப் போனேன். பேப்பரை விரித்து ஏழெட்டுக் கத்தி எடுத்து வைத்தார். என் கைக்கு எல்லாம் ஒன்றுபோல்தான் இருந்தது. பையிலிருந்து கம்பளி சாக்ஸ் இரண்டு எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வலது கையில் மாட்டிக்கொண்டேன். "ஏனுங்கம்மா, குளிருதுங்களா" என்று கேட்டார். எங்கள் வீட்டுக்காரர் கை இப்படித்தான் இருக்கிறது என்றேன். அவர் உள்ளே போய் இன்னும் நாலைந்து கொண்டுவந்தார். பித்தளைப் பிடி கனம், நழுவியது. பிளாஸ்டிக் பிடி, கையில் வைத்திருக்கிறோமா இல்லையா என்றே தெரியவில்லை. எருமைக் கொம்புப் பிடி பார்க்க அழகு, ஆனால் ஈரம் பட்டால் வழுக்கும் என்று அவரே சொல்லிவிட்டார். மெருகு போடாத மரப்பிடி ஒன்று இருந்தது, நடுவில் பருத்து, கடைசியில் சுண்டுவிரல் மாட்டிக்கொள்ளும்படி வளைந்தது. சாக்ஸுக்குள்ளேயும் அது உள்ளங்கையில் உட்கார்ந்தது. கழுத்தில் ஒரு வளையம், அதைத் திருப்பிவிட்டால் அலகு மடங்காது. "மடங்கி விரல்ல பட்டாலும் அவருக்குத் தெரியாதுங்களே, இது இருக்கட்டுங்க" என்றார். திறக்க இறுக்கமாக இருந்தது, எண்ணெய் விட்டு, கடைக்கு ஆள் வந்து நின்றும் திரும்பிப் பார்க்காமல் திறந்து மூடி, திறந்து மூடி இளக்கிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து கத்தியையும் ஒரு கொய்யாப்பழத்தையும் அப்பா முன்னால் வைத்தேன். இடது கையால் அலகை இழுத்தார், வளையத்தைத் திருப்பினார், வலது கையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். வெகுநேரம் ஆயிற்று, நான் கையை நீட்டவில்லை. பழம் இரண்டு தரம் உருண்டது. மூன்றாம் தரம் வெட்டுப்பட்டது, ஒன்று பெரிதாக ஒன்று சிறிதாக. பெரிய துண்டை என்னிடம் நீட்டினார். நின்றபடியே தின்றேன். மறுநாளிலிருந்து துண்டு போட்டு வைப்பதில்லை.

பாலகுமாருக்கு எழுதப் போகிறேன் என்றதும் அப்பா சொன்னது இது. "கை போனத எழுது. அவன் கத்தியக் குத்தம் சொல்லி எழுதாத. வரச் சொல்லாத." சொன்னபடி எழுதிவிட்டேன். நீ வாங்கிய கத்தி என்னிடம் இருக்கிறது, கேத்தியில் கேரட் தழை வெட்ட நன்றாக இருக்கிறது. வருவதும் வராததும் உன் யோசனை, நான் வா என்றும் சொல்லவில்லை வராதே என்றும் சொல்லவில்லை. தலைக்கு எண்ணெய் வை, ஏசிக்கு நேராகப் படுக்காதே, இரண்டு பேர் வேலையை ஒருவனாகச் செய்யாதே. மாரியம்மன் உன்னைக் காப்பாள், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

ஒன்று மறக்காதே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அப்பாதான் எடுப்பார். வார்த்தை வர நேரமாகும், நீ எடுத்துக் கொடுக்காதே. சத்தமே வரவில்லை என்றாலும் லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதே, அவர் அங்கேதான் இருப்பார்.

இப்படிக்கு
உன் அம்மா
பொன்னாயி