வெள்ளைக் காகிதப்பூ நெமிலியில் இருந்தது

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தபோது உன் தங்கை கேட்டருகே நின்றுகொண்டிருந்தாள். கையில் மூடி இல்லாத ஒரு ஷூ அட்டைப்பெட்டி. அதற்குள் ஒரு சாண் உயரத்தில் ஒரு காகிதப்பூ போன்சாய். நெமிலியிலிருந்து ஆம்பூர் வரை பஸ் மாறி மாறி, மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். இரண்டு கிளைகளில் பூத்திருந்தது. நரம்போரம் லேசாகப் பச்சை ஓடுகிற வெள்ளை. அது யாருடைய பூ என்று அவள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான் ஒன்றும் புரியாமல் போனது. அந்தச் செடி செத்துவிட்டதாக மூன்று வருடம் முன்பு நீதானே என்னிடம் சொன்னாய்?

“உங்களுதுன்னு சொல்லித்தான்க்கா எங்க அக்கா எங்கிட்ட குடுத்துச்சு. அக்கா போய்ச் சேர்ந்தே ரெண்டு மாசம் ஆயிடுச்சு. இனிமே நான் வச்சிருந்தா நல்லா இருக்காது” என்றாள் உன் தங்கை.

“உயிரோட இருக்குன்னு எங்கிட்ட ஏன் சொல்லல?”

“எனக்கு இன்னாக்கா தெரியும்? கேட்டா, ‘இன்னும் கொஞ்சம் தேறட்டும்’னு சொல்லும். ஒவ்வொரு தடவையும் அதேதான்.”

நாட்றம்பள்ளியில் எங்கள் அம்மா வீட்டை அண்ணன்கள் விற்ற வருடம் அது. நான் போய்ச் சேர்வதற்குள் வாங்கியவர்கள் மதிலை இடித்துவிட்டிருந்தார்கள். அம்மா வைத்த வெள்ளைக் காகிதப்பூ வெட்டிக் குவியலாகக் கிடந்தது. ஈரத் துணியில் சுற்றி ஒரு கட்டுக் குச்சிகளைக் கொண்டுவந்து மாடியில் குடியிருந்த உன் முன்னால் வைத்தேன். நீ ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருந்தாய். ஒவ்வொரு குச்சியாக நகத்தால் கீறிப் பார்த்தாய். “மூணுதான்பா தேறும். வெள்ளை சுலபமா வேர் விடாது. ரோஸ் கலர் காகிதப்பூ செடியில ஒட்டு கட்டிடலாம்” என்றாய்.

தட்டையான சட்டிகளில் விரல் தடிமனுக்கு நீ வளர்த்துக்கொண்டிருந்த ரோஸ் காகிதப்பூச் செடிகளில் மூன்றைத் தேர்ந்தெடுத்தாய். நுனியை வெட்டி, நடுவில் பிளந்து, அம்மாவின் குச்சியை ஆப்பு போலச் சீவிச் செருகினாய். புது பிளேடு. நான் பிடித்துக்கொண்டேன், நீ டேப் சுற்றினாய். மேலே பாலித்தீன் கவர் போட்டுக் கட்டிவிட்டு, “ஒரு மாசத்துக்கு இத தொடாத. இருக்குன்றதையே மறந்துடு” என்றாய்.

மறக்கத் தெரிந்தவளா நான்? ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் எனக்கு வேலையே தையலை இழுத்துப் பார்ப்பதும், ஷூவின் அடியை வளைத்துப் பார்ப்பதும்தான். எட்டாம் நாள் நீ டியூட்டிக்குப் போன நேரம் முதல் கவரைப் பிரித்தேன். பச்சையாகத்தான் இருந்தது. திரும்பக் கட்டினேன். நான்கே நாளில் கறுத்துவிட்டது. அது ஏன் கறுத்தது என்று பார்க்க இரண்டாவதைப் பிரித்தேன். அதுவும் போயிற்று. நீ கோபப்படவில்லை. “கட்டை தினம் தினம் பிரிச்சா புண்ணு ஆறுமாப்பா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, மூன்றாவதை உன் அறைக்குள் எடுத்துக்கொண்டு போனாய்.

பத்து நாள் கழித்துக் கீழே வந்து சொன்னாய்: “அதுவும் போயிடுச்சுப்பா.”

நான் அழுதேன். அழுதுகொண்டே, “எங்க அம்மாவோட கடைசிக் குச்சி அது. உங்கிட்ட குடுத்திருக்கவே கூடாது” என்றேன். இரண்டைக் கெடுத்தவள் நான். அதை நீ சொல்லிக் காட்டியிருக்கலாம். கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாய், பிறகு மேலே போய்விட்டாய். அதற்கப்புறம் நான் மாடி ஏறவே இல்லை. படியில் பார்த்தால் “டியூட்டியா?” என்பேன், நீ “ஆமா” என்பாய். மூன்று வருடம் நமக்குள் அநேகமாக அவ்வளவுதான் பேச்சு.

இப்போது அந்த மரம் என் ஜன்னலோரம் இருக்கிறது. ஒட்டின இடம் எது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. கிளைகளில் வளைவுக்காகக் கம்பி சுற்றி எடுத்த தடம் இருக்கிறது. மாதம் ஒரு தடவை நெமிலிக்கு வந்து வெட்டிவிட்டுப் போவாயாம். ஒட்டுக்குக் கீழே ரோஸ் செடியின் தளிர் வந்தால் கிள்ளிவிடச் சொல்வாயாம்.

என் கைக்கு எட்டக் கூடாது என்றுதான் ஒளித்தாயா? சரி, தளிர் விட்டு நிலைத்த பிறகாவது சொல்லியிருக்கலாமே? நல்ல மரமாக்கி ஒரு நாள் என் முன்னால் கொண்டுவந்து வைக்க நினைத்தாயா? இல்லை, நான் சொன்ன வார்த்தை ஆறாமல், இவளுக்கு எதற்குக் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டாயா? அப்படியென்றால் “அவளுது” என்று தங்கையிடம் ஏன் சொன்னாய்? ஒரு நாள் உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. நான் அழுததைப் பார்த்துக்கொண்டு நின்றாயே என்று. மறுநாள் தண்ணீர் ஊற்றும்போது உன் முகத்தை நினைக்கவே வெட்கமாக இருக்கிறது. எது நியாயம் என்று எனக்குத் தெரியவில்லை. உன்னை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில்கூட நான் வாசலோடு நின்றுவிட்டேன்.

ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. போன கிறிஸ்துமஸுக்கு முன்னால், “நெமிலிக்கு வர்றியா? தங்கச்சி வீட்டுக்குத்தான். காலைல போனா சாயங்காலம் வந்துடலாம்” என்று கேட்டாய். ஷிப்மெண்ட் நேரம், லீவு தரமாட்டார்கள் என்றேன். அது உண்மை. ஈஸ்டர் முடிந்து மறுபடி கேட்டாய். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பாமலே, “லீவு இல்ல” என்றேன். நீ இன்னும் ஏதோ சொல்லப்போகிற மாதிரி நின்றாய். அப்புறம் செருப்புச் சத்தம் படியேறிப் போனது. காட்டத்தான் கூப்பிட்டாயா, சும்மா துணைக்குத்தான் கூப்பிட்டாயா, உன் தங்கைக்கும் தெரியவில்லை.

நீ இரண்டாவது தடவை கேட்ட அந்த வாரம் கம்பெனியில் ஆர்டர் இல்லை. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் நான் வீட்டில்தான் இருந்தேன். மேலே நீ நடக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.